கம்பிவிடு தூது: இலஞ்சித் திரைகளை முன்வைத்து ஓர் ஆய்வு

கம்பி இன்றிக் காட்சி பகிர்தல்
ஒருவலைப் பட்ட இருதிரைத் தொழிலே;
வலையிலா விடத்தும் வருமே மிராகாஸ்ட்.

என் நுதலிற்றோ எனின், மடிக்கணினித் திரையில் இருப்பதை வேறொரு திரையில் கம்பி கோக்காமல் தோன்றச் செய்யும் முறைமை உணர்த்துதல் நுதலிற்று. நூற்பா இவ்வாய்வாளர் யாத்தது. தொல்காப்பியர் இதைச் சொல்லாமல் விட்டது ஏன் என்று வினவுவார்க்கு விடை: ஹெச்டிஎம்ஐ கம்பியே 2002 டிசம்பரில்தான் வந்தது. கம்பி இல்லாத காலத்தில் கம்பியின்மைக்கு இலக்கணம் செய்வது மிகைபடக் கூறல் என்னும் குற்றமாகும் என்று அவர் விட்டிருப்பார் என்பது நம் துணிபு.

முதலிரண்டு அடிகள் குரோம்காஸ்ட், ஏர்ப்ளே முதலியவற்றுக்கு உரியன. அவற்றில் அனுப்பும் கருவியும் வாங்கும் கருவியும் ஒரே வைஃபையில் இருப்பது மரபு. மூன்றாம் அடி புறனடை. மிராகாஸ்ட் என்பது வீட்டு ரவுட்டரைக் கேட்காமல் இரண்டு கருவிகளும் நேருக்கு நேர் பேசிக்கொள்ளும் வகை. ரவுட்டர் செத்துக் கிடந்தாலும் அது நடக்கும். இதைப் பலர் அறியார். ‘நெட்டு இல்ல, அதான் டிவில வரல’ என்று சொல்லிவிட்டு ஐந்தருவிக்குக் குளிக்கப் போய்விடுவார்கள். சீசன் காலத்தில் அது அப்படியொன்றும் மோசமான முடிவும் அன்று.

ஆய்வுக் களமும் எல்லையும்

தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவே, சிற்றாற்றின் கரையில் உள்ளது இலஞ்சி. வயலும் தென்னையும் குமாரர் கோயிலும் உடைய ஊர். அருணகிரிநாதர் வந்து திருப்புகழ் பாடியிருக்கிறார். 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டமாயிற்று. நான்கு மாதம் கழித்து ஊரடங்கு வந்தது. சென்னையிலும் பெங்களூரிலும் விசைப்பலகை தட்டிக்கொண்டிருந்த பிள்ளைகள் பெட்டி படுக்கையோடு வந்து இறங்கினார்கள். அதற்கும் முன்பே, 2011 முதல், மத்தளம்பாறைப் பக்கம் சோகோ நிறுவனத்தின் அலுவலகம் இருந்துவருவதால், கம்ப்யூட்டர் படித்தவன் என்றால் வடக்கே போகும் ரயிலைப் பிடிக்க வேண்டியவன் என்ற நம்பிக்கை இவ்வட்டாரத்தில் ஏற்கெனவே ஆட்டம் கண்டிருந்தது. ஊரடங்கு முடிந்தது, போனவர்கள் போனார்கள், சிலர் போகவில்லை. அப்படிப் போகாதவர்களுள் ஒருவர் இவ்வாய்வாளரின் மருமகன்.

ஆய்வு எல்லை ஒரு வீடு, ஒரு மடிக்கணினி, இருபத்துநாலு அங்குல மானிட்டர் ஒன்று. வீடு பழையது. தார்சா, பட்டாசல், ரெண்டாங்கட்டு, அடுக்களை என்று ரயில் பெட்டிபோல் நீளும், மேலே மச்சு. சுண்ணாம்புக் காரை போட்ட சுவர், முழங்கை அகலம் தாராளமாக இருக்கும். ரவுட்டர் தார்சாவில், ஏனென்றால் இணைப்புக் கொடுக்க வந்தவர் அதற்குமேல் செருப்பைக் கழற்ற விரும்பவில்லை. மருமகன் வேலை பார்ப்பது ரெண்டாங்கட்டில். மானிட்டர் அவன் மேசைக்கு எதிர்ச்சுவரில், பீரோவின் மறைவில். மேசைக்கும் மானிட்டருக்கும் இடையே நடைபாதை. அடுக்களைக்குப் போகிறவர் எல்லாரும் அதன் வழியாகத்தான் போக வேண்டும். ஆகவே கம்பி போட்டால் காலில் இடறும். இந்த ஒரே காரணத்துக்காகத்தான் கம்பியில்லா முறை இவ்வீட்டில் புகுந்தது. புரட்சிகள் பலவும் இப்படித்தான் தொடங்கியிருக்கின்றன.

நாட்டார் வழக்காற்று ஆய்வேடுகளில் தகவலாளி என்று ஒருவர் இருப்பார். இவ்வாய்வின் தகவலாளி ஆச்சி. வயது எண்பதுக்கு மேல். மருமகன் நாற்காலியைத் திருப்பித் திருப்பி மானிட்டரில் ஒன்றும் வராமல் இருந்த ஒரு பிற்பகலில், புளி கரைத்த கையோடு நடைபாதையில் நின்று ஆச்சி கேட்டது பின்வருமாறு:

“எய்யா, வயருதான் கெடக்குல்லா? அதச் சொருகுனா என்ன?”

“ஆச்சி, இது வயர்லெஸ்.”

“அது சரி. வயரச் சொருகுனா வருமா, வராதா?”

“வரும்.”

“பின்ன?”

முனைவர் பட்ட ஆய்வேடுகளில் கருதுகோள் என்ற தலைப்பில் பத்துப் பக்கம் எழுதப்படுவது இதுதான். எஞ்சியிருக்கும் பக்கங்கள் அந்தப் ‘பின்ன’ என்னும் ஒற்றைச் சொல்லுக்கு விடை காணும் முயற்சி.

முன்னோடிகள்

வெளித்திரை இவ்வட்டாரத்துக்குப் புதிதன்று. நடராசரின் ஐந்து சபைகளுள் சிதம்பரம் பொன், மதுரை வெள்ளி, திருநெல்வேலி தாமிரம், திருவாலங்காடு ரத்தினம். குற்றாலம் மட்டும் சித்திரம். மற்ற நான்கிலும் ஆடுகிறவர் சிலையாக இருக்க, இங்கே சுவரில் படமாக ஆடுகிறார். காட்சியை அதன் மூலத்திலிருந்து பிரித்து வேறொரு பரப்பில் நிறுத்துவதுதான் வெளித்திரையின் இலக்கணம் என்றால், சித்திர சபை அதற்கு முழுக்கப் பொருந்தும். கம்பி இல்லை, தாமதம் இல்லை, புதுப்பிப்பு வந்துவிட்டது மறுபடி தொடங்கு என்ற கட்டளை இல்லை. ‘சிக்னல் இல்லை’ என்று நீலத் திரை காட்டியதாக ஒரு பக்தரும் சொன்னதில்லை.

அடுத்து அரசு முயற்சிகள். 2006 செப்டம்பர் 15 அன்று, அண்ணா பிறந்த நாளில், தமிழக அரசு இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தைத் தொடங்கியது. பதினாலு அங்குலக் கண்ணாடிக் குழாய் டிவி. சரியாக ஐந்தாண்டு கழித்து, ஆட்சி மாறி, 2011 செப்டம்பர் 15 அன்று, அதே அண்ணா பிறந்த நாளில், இலவச மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. ஆக ஒரே வீட்டுக்கு ஒரு கட்சி திரையைக் கொடுத்தது, மறு கட்சி கணினியைக் கொடுத்தது. இரண்டையும் இணைக்கும் கம்பியை மட்டும் எந்தத் தேர்தல் அறிக்கையும் சொல்லவில்லை. டிவியின் முதுகில் மஞ்சள், வெள்ளை, சிவப்புத் துளைகள்; கணினியின் விலாவில் வேறு மாதிரித் துளைகள். இரண்டு பெரிய கட்சிகளும் ஒரு வீட்டுக்குள் அடுத்தடுத்து உட்கார்ந்திருந்தும் பேசிக்கொள்ளவில்லை. அரசியல் அறிவியலார் இதைக் கவனிக்கத் தவறியது வியப்பே.

அலை வழியாகச் செய்தி அனுப்பும் முயற்சியில் நம் நாட்டவர் முந்தியே இருந்திருக்கிறார்கள். ஜகதீஷ் சந்திர போஸ் 1895-இல் கல்கத்தா டவுன் ஹாலில் மின்காந்த அலையை அனுப்பித் தூரத்தில் இருந்த மணியை ஒலிக்கச் செய்தார். வெடிமருந்தைப் பற்ற வைத்தார். நடுவில் சுவர் இருந்தது. வங்காளத்தின் லெப்டினன்ட் கவர்னரும் இருந்தார். அலை இருவரையும் ஊடுருவிச் சென்றது. கவர்னரைத் தாண்டிய அலை, ஆச்சியின் கல்யாணத்துக்குச் செய்த இரும்பு பீரோவைத் தாண்டுவதில்லை என்பது பின்னால் வரும்.

தூதின் இலக்கணம்

இலஞ்சிக்கு அடுத்த ஊர் மேலகரம். அவ்வூர்த் திரிகூடராசப்பக் கவிராயர் பாடியது குற்றாலக் குறவஞ்சி. அதில் வசந்தவல்லி, குற்றாலநாதரிடம் தோழியைத் தூது அனுப்புகிறாள். கூட்டமாக இருக்கும்போது போய்ச் சொல்லாதே, தகுந்த வேளை பார்த்துச் சொல் என்கிறாள். அவர் வராவிட்டாலும் அவருடைய கொன்றை மாலையையாவது வாங்கி வா என்கிறாள். தமிழ்த் தூதிலக்கியத்தில் தூது போகத் தகுந்தவை பத்து: அன்னம், மயில், கிளி, முகில், பூவை, பாங்கி, குயில், நெஞ்சு, தென்றல், வண்டு. பத்தில் ஒன்றுக்குக்கூடக் கம்பி இல்லை. கம்பியில்லாச் செய்தித்தொடர்பில் நாம் எத்தனை நூற்றாண்டு முன்னோடிகள் என்று மேடையில் பேசுவோர் இக்குறிப்பை எடுத்துக்கொள்ளலாம்; நன்றி சொல்ல வேண்டியதில்லை.

மிராகாஸ்ட் பதினொன்றாவது. 2012 செப்டம்பரில் வைஃபை அலையன்ஸ் என்ற கூட்டமைப்பு அதற்குச் சான்றளிக்கத் தொடங்கியது; 2013-இல் விண்டோஸ் 8.1-உடன் அது மடிக்கணினிகளுக்குள் குடியேறிற்று. இன்றைக்கு விண்டோஸ் பொத்தானையும் ‘கே’யையும் சேர்த்து அமுக்கினால் அருகில் இருக்கும் திரைகளின் பட்டியல் வரும். அந்தப் பட்டியல் வருவதற்குள் நடப்பவை தூதிலக்கிய மாணவர் அனைவரும் அறியத்தக்கவை.

முதலில் இரண்டு கருவிகளும் 1, 6, 11 என்ற அலைவரிசைகளில் ஒன்றையொன்று கூவித் தேடுகின்றன. கண்டுகொண்டதும் ஒரு வழக்கு எழுகிறது: நம் இருவரில் தலைவர் யார்? ஒவ்வொன்றும் தன் விருப்பத்தை 0 முதல் 15 வரை ஓர் எண்ணாகச் சொல்ல வேண்டும். அதிகம் சொன்னது தலைமை ஏற்கும். இரண்டும் ஒரே எண்ணைச் சொன்னால் காசு சுண்டுவதுபோல் தீர்த்துக்கொள்ள ஒரு வழி உண்டு. ஆனால் இரண்டும் 15 என்று சொல்லிவிட்டால் பேச்சு முறிந்தது, இணைப்பு இல்லை. கோயில் கொடையில் முதல் மரியாதை எனக்கு என்று இரண்டு வீட்டார் நின்றால் அந்த வருடம் கொடையே நின்றுபோகும் அல்லவா, அதே விதி. இதை வகுத்த பொறியாளர்கள் தென்மாவட்டத்துக்கு ஒருமுறையேனும் வந்து போயிருக்க வேண்டும் என்று நாம் ஐயுறுகிறோம்.

தலைமை தீர்ந்தபின் விசாரணை. உனக்கு எத்தனை புள்ளி அகலம் தெரியும், எந்த ஒலி கேட்கும், பதிப்புரிமைப் பூட்டுத் திறக்குமா என்று கணினி வரிசையாகக் கேட்கிறது, திரை சொல்கிறது. இருவருக்கும் பொதுவாக ஒன்றுமே அமையாமல் போகக்கூடாது என்பதற்காக 640-க்கு 480 என்ற பழைய அளவு எல்லாருக்கும் கட்டாயமாகத் தெரிந்திருக்க வேண்டும் என்று வைத்திருக்கிறார்கள். கொன்றை மாலைக்கும் இடம் உண்டு: திரையில் தொட்டால், அந்தத் தொடுகையைக் கணினிக்குத் திருப்பி அனுப்பும் பின்வழி ஒன்று இந்த விதிமுறையில் இருக்கிறது. ஆனால் அது கட்டாயமன்று. திரிகூடராசப்பர் தூதுக்கு இன்றியமையாதது என்று கருதியதைப் பொறியாளர்கள் விருப்பப் பாடமாக்கிவிட்டார்கள்.

அருவியும் கட்டங்களும்

இனிச் சுமை. 1920-க்கு 1080 திரையில் 20,73,600 புள்ளிகள். ஒவ்வொரு புள்ளிக்கும் 24 பிட் நிறம். நொடிக்கு 60 முறை. பெருக்கினால் நொடிக்கு 298 கோடியே 59 லட்சத்து 84 ஆயிரம் பிட். ஹெச்டிஎம்ஐ கம்பி இதை அப்படியே, ஒரு புள்ளி சிந்தாமல், முணுமுணுக்காமல் கொண்டுபோய்க் கொடுக்கும். வைஃபை கொடுக்காது. ஆகவே கணினி உட்கார்ந்து படத்தைச் சுருக்குகிறது. முழுப் படத்தை எப்போதாவது ஒருமுறை அனுப்பும்; இடையில், போன படத்துக்கும் இந்தப் படத்துக்கும் எது மாறியிருக்கிறதோ அதை மட்டும் சொல்லும். மாறாததைச் சொல்லாமல் விடுவதே இதன் சூட்சுமம். நொடிக்கு ஒன்றிரண்டு கோடி பிட்டுக்குள் வேலை முடிந்துவிடும். சுருக்கவும் விரிக்கவும் ஆகும் நேரத்தால், சுட்டியை நகர்த்தினால் மானிட்டரில் அம்பு நகர நொடியில் பத்தில் ஒரு பங்கு, சில வேளை அதற்கும் மேல், பிடிக்கும்.

எக்செல் தாளைக் காட்டும்போது இந்தச் சிக்கனம் பிரமாதமாக எடுபடுகிறது. எட்டு மணி நேரத்தில் மாறுவது நாலு கட்டம். ஆனால் ஒரு நாள் மாலை, வெள்ளம் வந்த ஐந்தருவியின் காணொளியை யாரோ அனுப்ப, மருமகன் அதைப் பெரிய திரையில் போட்டான். அருவியில் மாறாத புள்ளி என்று ஒன்று உண்டா? ஒவ்வொரு துளியும் நொடிக்கு அறுபது தடவை இடம் மாறுகிறது. சுருக்கிப் பார்த்த கணினி கையை விரித்துவிட்டது. மேலே பாறை பாறையாகவே இருந்தது. கீழே குளிக்கிறவர்களின் தலைகள்கூட ஒருவாறு தெரிந்தன. நடுவே தண்ணீர் மட்டும் வெள்ளைச் சதுரங்களாக, செங்கல் சரிவதைப்போல் விழுந்துகொண்டிருந்தது. “என்னய்யா இது, அருவில டைல்ஸ் போட்டுட்டானுவளா?” என்று ஆச்சி கேட்டார்.

உலகெங்கும் காணொளிப் பொறியாளர்கள் தம் சுருக்கு முறைகளைச் சோதிக்கப் பறக்கும் காகிதத் துணுக்குகளையும் கொந்தளிக்கும் நீரையும்தான் கடினப் பாடமாக வைப்பார்கள். அந்த வகையில், கம்பியில்லாத் திரைச்சேர்க்கைக்கு இந்தியாவிலேயே மிகப் பொருத்தமற்ற காட்சிப் பொருளை வாசலில் வைத்திருக்கும் வட்டாரம் இது.

தடைகள்: பீரோ முதலியன

பீரோவைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டியதில்லை. இரும்புத் தகடு அலையைத் திருப்பி அடிக்கும். சுண்ணாம்புச் சுவர் அலையைக் குடிக்கும். 5 கிகாஹெர்ட்ஸ் அலை 2.4-ஐவிடச் சீக்கிரம் களைக்கும். பீரோவை ஓரடி தள்ளி வைத்தால் பாதித் தொல்லை தீரும் என்று இவ்வாய்வாளர் பரிந்துரைத்தார். ஆச்சி அது எந்தத் திசையைப் பார்த்து எதற்காக வைக்கப்பட்டது என்பதை விளக்கினார். பரிந்துரை திரும்பப் பெறப்பட்டது.

இன்னொரு தடை கண்ணுக்குத் தெரியாதது. மடிக்கணினியில் பெரும்பாலும் வைஃபை வானொலி ஒன்றுதான். அது தார்சாவில் உள்ள ரவுட்டருடன் ஓர் அலைவரிசையிலும் மானிட்டருடன் வேறோர் அலைவரிசையிலும் பேச நேர்ந்தால், இங்கே ஒரு கணம் அங்கே ஒரு கணம் என்று தாவிக்கொண்டே இருக்க வேண்டும். கூட்டத்தில் மேலாளர் குரலும் உடையும், திரையில் படமும் உடையும். இரண்டையும் ஒரே அலைவரிசைக்குக் கொண்டுவந்தால் சரியாகும். இந்தக் கட்டுரையில் யாருக்கேனும் பயன்படும் வரி ஒன்று இருந்தால் அது இதுதான்.

சாரலைப் பற்றி வட்டாரத்தில் நிலவும் கருத்து மறுக்கப்பட வேண்டியது. ஜூன் பிறந்து மேற்கேயிருந்து குளிர்ந்த காற்று செங்கோட்டைக் கணவாய் வழியாக இறங்கி, வெயிலோடு வெயிலாகத் தூறல் தெளிக்கத் தொடங்கினால், இணைப்பு அறுபடும் ஒவ்வொரு தடவையும் ‘காத்துல ஈரம், அதான்’ என்பார்கள். மழை, அலையை மதிக்கத்தக்க அளவு தின்பது பெரும்பாலும் 10 கிகாஹெர்ட்ஸுக்கு மேல்தான், வைஃபையின் 2.4-உம் 5-உம் அதற்குக் கீழே. ஓர் அறைக்குள், எட்டடித் தூரத்துக்குள், ஓட்டுக்கு வெளியே பெய்யும் சாரல் ஒன்றும் செய்யாது.

ஆனால் சாரலை அடியோடு விடுவிக்கவும் முடியாது. சாரல் விழுந்தால் சீசன். சீசன் வந்தால் உறவினர். மதுரையிலிருந்து சித்தப்பா குடும்பம், சாத்தூரிலிருந்து மதினி குடும்பம், அவர்களோடு பெயர் தெரியாத இரண்டு பையன்கள். குற்றாலத்தில் குளித்துவிட்டு, பிரானூரில் பரோட்டா தின்றுவிட்டு, இலஞ்சி வீட்டில் வந்து சாய்வார்கள். ஆளுக்கொரு கைபேசி, எல்லாம் ஒரே வைஃபையில். 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றோடொன்று மோதாத அலைவரிசைகள் மூன்றே மூன்று. போதாததற்கு மனித உடம்பு பெரும்பாலும் தண்ணீர். அந்தத் தண்ணீர் நடைபாதையில் பாயை விரித்து, மேசைக்கும் மானிட்டருக்கும் குறுக்கே உறங்குகிறது. எனவே நம் தீர்ப்பு: சாரல் முதல் குற்றவாளி அன்று, உடந்தை.

நால்வகை நிலை

விண்டோஸ் பொத்தானையும் ‘பி’யையும் அமுக்கினால் நான்கு நிலைகள் தோன்றும். சைவ சித்தாந்தத்தில் பயிற்சி உடையோர்க்கு இவை புதியன அல்ல. கணினித் திரை மட்டும் என்பது சாலோகம்: மானிட்டரும் அதே உலகத்தில் இருக்கிறது, அவ்வளவே, அருள் இல்லை. நீட்சி என்பது சாமீபம்: பக்கத்தில் இருந்து பணி செய்கிறது. நகல் என்பது சாரூபம்: தலைவனின் உருவத்தையே தானும் பெற்றுவிட்டது. இரண்டாம் திரை மட்டும் என்பது சாயுச்சியம். மடிக்கணினி தன் திரையை அணைத்து, தான் என்பது அற்று, மானிட்டரில் இரண்டறக் கலந்துவிட்டது. சாயுச்சியம் பெற்றவர் திரும்பி வருவதில்லை என்பார்கள். மானிட்டர் அணைந்து மடிக்கணினியும் இருண்டு கிடந்த ஒரு காலைப்பொழுதில் மருமகன் இக்கருத்தை வழிமொழிந்தான்.

பராமரிப்புப் பற்றி

தென்காசி விசுவநாதர் கோயிலை எழுப்பிய பராக்கிரம பாண்டியன், 15-ஆம் நூற்றாண்டிலேயே, இந்தக் கோயிலைப் பிற்காலத்தில் காத்துப் பேணுகிறவர்களின் காலில் விழுவதாகக் கல்லில் வெட்டி வைத்துவிட்டுப் போயிருக்கிறான். கட்டுவதைவிடக் கட்டியதைத் தொடர்ந்து பார்த்துக்கொள்வது கடினம் என்று அரசனுக்கே தெரிந்திருந்தது. கம்பியில்லாத் திரை உலகில் அப்படி யாரும் கல்வெட்டு வைக்கவில்லை. இன்டெல் 2010-இல் வைடை என்று ஒன்று கொண்டுவந்து 2016-இல் கைகழுவியது. கூகிள் 2013-இல் 35 டாலருக்கு விற்கத் தொடங்கிய குரோம்காஸ்டை 2024-இல் தயாரிப்பதையே நிறுத்தியது. நல்ல கருவி; விரலளவு இருக்கும்; வாங்கியவர் வீட்டில் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கும். ஆனால் பத்துப் பன்னிரண்டு ஆண்டைப் பழங்காலம் என்று நினைக்கும் துறையிடம் கல்வெட்டை எதிர்பார்ப்பது நம் பேராசை. விஜிஏ துளை 1987-இல் வந்தது. தென்காசியில் பழைய கணினி பழுதுபார்க்கும் கடைக்குள் போனால் அந்தக் கம்பி இன்றும் ஆணியில் தொங்கும், செருகினால் படம் வரும். கம்பியின் ஆயுள் கெட்டி.

கம்பியின் கணக்கு

மறைந்த கம்பி எத்தனை, வந்த கம்பி எத்தனை என்று களத்தில் எண்ணிப் பார்த்தோம். சாதாரண மானிட்டருக்குக் கம்பியில்லாமல் வாங்கத் தெரியாது. அதன் முதுகில் ஒரு டாங்கிள் செருக வேண்டும். டாங்கிளுக்கு மின்சாரம் வேண்டும். அதற்கு ஒரு யூஎஸ்பி கம்பி. அந்தக் கம்பிக்கு ஓர் அடாப்டர். அடாப்டருக்குச் சுவரில் இடம் இல்லாததால் ஒரு நீட்டுப்பெட்டி. மானிட்டரின் சொந்த மின்கம்பி எப்போதும்போல் இருக்கிறது. நாள் முழுக்கச் சுருக்கி அனுப்பிக்கொண்டிருந்தால் மடிக்கணினியின் பேட்டரி இறங்கும். ஆகவே அதன் சார்ஜர் கம்பியும் நிரந்தரமாயிற்று. நீங்கியது ஒன்று. அந்த நீட்டுப்பெட்டியின் கம்பி இப்போது நடைபாதையைக் கடக்கிறது. ஆச்சி அதைத் தாண்டித்தான் அடுக்களைக்குப் போகிறார்.

எண்ணிக்கை கிடக்கட்டும். கம்பி என்னென்ன வேலை செய்துகொண்டிருந்தது என்பதே நம் துறையில் யாரும் கணக்கெடுக்காதது. படத்தைக் கொண்டுபோனது வெளியே தெரிந்த வேலை. தெரியாத வேலைகள் இரண்டு உண்டு. எந்தத் திரை என்ற கேள்விக்கு அது விடையாக இருந்தது: மறுமுனை எதில் செருகியிருக்கிறதோ அந்தத் திரை. யார் அனுமதி தந்தது என்ற கேள்விக்கும் அதுவே விடை: எவர் கையால் செருகினாரோ அவர். பெயர் கேட்கவில்லை, எண் கேட்கவில்லை, தலைவர் யார் என்று வழக்காடவில்லை. கம்பியைத் தூக்கிப் போட்டதும் இவ்வளவும் மனிதர் தலையில் விழுந்தது. பட்டியலைப் பார்த்துச் சரியான திரையை நாம் தேர்ந்தெடுக்க வேண்டும். அந்தப் பக்கம் ஒருவர் சம்மதம் சொல்ல வேண்டும். ஆச்சியின் ‘பின்ன’வுக்குள் இருந்தது இதுதான்.

இதற்குச் சான்றாக ஒரு களநிகழ்வு. விண்டோஸ்-கே தரும் பட்டியல் வீட்டுச் சுவரைப் பார்த்து நிற்பதில்லை. இலஞ்சித் தெருக்களில் வீட்டுக்கு வீடு ஒரே சுவர். பட்டியலில் மருமகனின் டாங்கிளும் இருக்கும். பக்கத்து வீட்டு டிவியும் இருக்கும். இரண்டுக்கும் தொழிற்சாலையில் வைத்த பெயரே, எழுத்தும் எண்ணுமாக, கடைசி எண் மட்டும் வேறு. ஒரு மாலை, காலாண்டுச் செலவுக் கணக்கைப் பெரிய திரையில் விரித்து வைத்துக்கொண்டு மேலாளரிடம் பேச வேண்டிய அவசரத்தில், மருமகன் பட்டியலில் கை வைத்தான். ‘இணைக்கப்பட்டது’ என்று வந்தது. எதிரே மானிட்டர் இருட்டாக இருந்தது. டாங்கிளைக் கழற்றி மாட்டினான், நீட்டுப்பெட்டியைத் தட்டினான், பீரோவை முறைத்தான். கணினி மட்டும், இணைப்பு நன்றாக இருக்கிறது என்று அடித்துச் சொல்லிக்கொண்டிருந்தது. அது பொய் சொல்லவில்லை.

பக்கத்து வீட்டில் இருப்பவர் வங்கியில் காசாளராக இருந்து ஓய்வுபெற்றவர். அவர் டிவியில் ‘யாரோ இணைய விரும்புகிறார், அனுமதிக்கவா?’ என்று ஒரு பெட்டி வந்திருக்கிறது. வருகிறவரை வேண்டாம் என்று சொல்லும் பழக்கம் இந்த ஊரில் இல்லை, அனுமதித்துவிட்டார். செய்தி போய்க் கட்டங்கள் வந்தன. கட்டங்களைக் கண்டதும் முப்பத்தைந்து வருடப் பழக்கம் விழித்துக்கொண்டது போலும். கொஞ்ச நேரம் கழித்து மதிலுக்கு மேலே அவருடைய தலை தெரிந்தது.

“ஏய்யா, உள்ள இருக்கியா? அந்த மூணாவது பத்தியில கூட்டல் இடிக்கி, பாத்துக்கோ. பதினெட்டாயிரம் ரெண்டு தடவை வந்திருக்கு. சரி பண்ணிட்டு மெல்ல எடு, ஒண்ணும் அவசரமில்ல. ஏழு மணிச் செய்திக்கு மட்டும் டிவியத் தந்துரு.”

மருமகன் மூன்றாவது பத்தியைச் சரிபார்த்தான். இடிக்கத்தான் செய்தது.